பூஜைக்குத் துலக்கிய கம்பி

ஒரு முழம் செம்புக் கம்பி, இரண்டு முனையிலும் கொக்கி. திருவொற்றியூரில் நான் வேலை பார்த்த, மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டர் செய்யும் கம்பெனியில், சோதனை முடிந்த ஒவ்வொரு பெட்டியிலும் அதை மாட்டி வைப்போம். ஒரு கொக்கி பெட்டியின் மேல் நீட்டியிருக்கும் முனையில், இன்னொன்று தகர உடம்பில். அறுபதுகளின் கடைசி. பெட்டிக்குள் பீங்கான் வில்லைகள் அடுக்கியிருக்கும். ஆயிரக்கணக்கான வோல்ட் ஏற்றிச் சோதித்துவிட்டு, நீளக் கழியால் தொட்டு அந்தக் கரண்டை இறக்குவோம். படீரென்று ஒரு பொறி. மீட்டர் முள் பூஜ்யத்தில் படுத்துவிடும். அதோடு தீர்ந்தது என்றுதான் எட்டாவது வரை படித்த நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் மேஸ்திரி ராயபுரம் கல்மண்டபத்துக் கிறிஸ்தவர். "இன்னா நைனா, எறக்கிட்டா பூடுச்சா?" என்று சிரிப்பார். "மாதா கோயில்ல பூசை முடிஞ்சதும் அல்லாரும் ஒரே நேரத்துல வூட்டுக்கா போறானுங்க? பாதி பேரு வாசல்ல நின்னு கத பேசிகினு கீறான். வில்லைக்குள்ளயும் அப்டிதான். கரண்டுக்கு ஒரே பக்கமா திரும்பி நின்னதுங்க ஒவ்வொண்ணாதான் பழயபடி திரும்பும். கம்பிய எடுத்தியோ, மறுபடி கரண்டு ஊறிக்கும்." ஒருநாள் கம்பியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்க்கச் சொன்னார். டீ குடித்து முடிப்பதற்குள் செத்துக் கிடந்த முள் எழுந்துவிட்டது. நான் பார்த்தேன். கண்ணால் பார்த்தேன் என்பதை இங்கே எழுதித்தான் ஆகவேண்டும்.

அந்த வருஷம் ஆயுத பூஜை. ஸ்பேனர், கட்டிங் பிளேயர் எல்லாவற்றையும் புளி போட்டுத் துலக்கி அம்பாள் படத்தின் முன் அடுக்கினேன். பெட்டிகளில் அந்தக் கம்பிகள் மட்டும் கறுத்துத் தொங்கின. சாமி பார்க்க அழுக்காக இருக்கலாமா என்று மனசு கேட்கவில்லை. காலையில்தானே இறக்கினோம், பூஜைக்குள் மாட்டிவிடலாம் என்று எல்லாவற்றையும் கழற்றிப் புளித்தண்ணீரில் போட்டேன். வெறும் முனைகளின் மேல் சாமந்தி மாலையைச் சுற்றினேன். அதற்குள் பூசாரி வந்துவிட்டார், கம்பி மறந்துபோனது.

வேற்று மதம் என்றாலும், வருஷா வருஷம் மிஷின்களுக்குப் பொட்டு வைப்பது மேஸ்திரிதான். குளித்த ஈரத்தோடு, சட்டையில்லாமல், சந்தனக் கிண்ணத்துடன் வந்தார். "மாமு, என் பொட்டுதான்டா இதுங்களுக்கு ராசி" என்றார். இடது கையைத் தகரத்தில் ஊன்றி, வலது கை விரலைப் பூவுக்குள் விட்டார். சத்தம்கூட வரவில்லை. கிண்ணம் மட்டும் உருண்டது. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

விசாரணைக்கு வந்த அதிகாரி, "கம்பியைக் கழட்டினது யார்?" என்று கேட்டார். என் நகக்கண்ணில் புளி காய்ந்திருந்தது. "மேஸ்திரியாத்தான் இருக்கும் சார்" என்றேன். எழுதிக்கொண்டார்.

மேஸ்திரி வீட்டுக்குப் போனபோது அக்கா அழவில்லை. அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். "தம்பி, கம்பிய தொடாதீங்கடான்னு தூக்கத்துலகூட சொல்லுவாரே. அவரா கழட்டினாரு?" என்று என் கண்ணையே பார்த்தார். "ஆமாம்க்கா" என்றேன். "நீ சொன்னா சரி" என்று எழுந்து எனக்குக் காபி போடப் போனார். அந்தக் காபியையும் குடித்தேன்.

தினமும் விளக்கேற்றி அம்பாளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறேன். அவளிடம் சொல்வது சுலபம். அவள் திருப்பிக் கேட்பதில்லை. அக்கா போய்ப் பல வருஷமாகிறது. போன மாதம் ஒரு கல்யாணத்தில் மேஸ்திரியின் மகனைப் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது. தன் பேரனை என்னிடம் காட்டி, "மாமா, இவனும் எங்க நைனா மாதிரிதான், எதுலயும் ஜாக்கிரதை கெடையாது. அவரு அப்டிதானே பூட்டாரு!" என்று சிரித்தான். பக்கத்திலிருந்தவர்களும் சிரித்தார்கள். அந்தப் பையன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான்.

நாளைக்கு ஞாயிறு. கோயில் முடிந்து அவர்கள் வீடு திரும்பும் நேரத்துக்குக் கல்மண்டபம் போய்விடுவேன். இந்தத் தாள்களை எடுத்துப் போகவில்லை. அந்தப் பையனையும் பக்கத்தில் உட்காரவைத்து, வாயால்தான் சொல்ல வேண்டும்.