சாயம் ஏறாத கோடு

எனக்கு எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். அஞ்சாவதோடு படிப்பு நின்றுபோச்சு. மறதியும் வந்துவிட்டது, நடந்ததை முன்னே பின்னே சொல்லுவேன். பொறுத்துப் படியுங்க.

என் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் ஓரம் தைத்தான். இரண்டாயிரத்துக்கு அப்புறம் சில வருசத்தில் அவன் கை மக்கர் பண்ண ஆரம்பித்தது. நூல் வெட்டுகிற கத்திரியைப் பிடித்தால் விரல் விடாது. மூடினது மூடினபடி நின்று, மெதுவாகத்தான் பிரியும். பக்கத்து மெஷின்காரர்கள், "ஏனப்பா, கத்திரிய ஊட்டுக்குக் கொண்டு போறதுன்னா சொல்லிட்டு எடுத்துட்டுப் போ!" என்று சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். அப்புறம் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். "அம்மா, நான் மறுபடியும் மெஷின்ல உக்காருவனா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். எனக்கென்ன தெரியும்.

கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எங்க ஊர் ஊத்துக்குளியில் ரயில் ஏறினால் நிற்கத்தான் இடம். அங்கே போயும் காத்திருந்து காத்திருந்து கால் வீங்கிப்போகும். மகனுடைய கெண்டைக்காலில் துளி சதை எடுத்தார்கள். அதை வைத்து ஆராய்ச்சி பண்ணினது ஒரு பெண் டாக்டர், எங்களுக்கு மகள் வயசு. ஐஸ் மேல் வைத்திருந்த சின்னக் குப்பியைக் காட்டினார்.

"ஆன்டிபாடிங்கம்மா. தசைக்குள்ள கைனேஸ்னு ஒரு புரோட்டீன் இருக்கு. இது அதை மட்டும் தேடிப் போய் ஒட்டிக்கும். ஒட்டின இடம் பிலிம்ல கறுப்புக் கோடாத் தெரியும். ஆராய்ச்சிக்குத்தான் இது. வியாதியை முடிவு பண்ண ரத்தம் பாக்கணும்."

அடுத்த முறை போனபோது எக்ஸ்ரே மாதிரி ஒரு பிலிமைத் தூக்கிக் காட்டினார். நோயில்லாத ஒருத்தர் கோடு கறுப்பாக இருந்தது. பக்கத்தில் என் மகன் கோடு வெளிறிக் கிடந்தது.

என் வீட்டுக்காரர் சாயப்பட்டறையில் காலமெல்லாம் நின்றவர். அங்கே துணியில் நிறம் கம்மியாக வந்தால் சாயம் கூட்டி மறுபடியும் ஓட்டுவார்கள். அதே நினைப்பில் முன்னால் போய் நின்றார்.

"அம்மிணி, மருந்து பத்தலீங்க. இன்னுங்கொஞ்சம் சேத்து மறுக்கா ஒருக்கா முக்குங்க. ஏறிக்கும்."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. "ஏனுங்க, சும்மா இருங்க" என்றேன். டாக்டர் சிரிக்கவில்லை.

"ரெண்டு பேருக்கும் ஒரே அளவு மருந்துதாங்க. பிடிச்சுக்க வேண்டிய புரோட்டீன்தான் உங்க பையன்கிட்ட கம்மி."

என் வீட்டுக்காரர் பிலிமைக் கிட்டப் போய்ப் பார்த்தார். "பருத்தியில பாலியஸ்டர் நூல் போட்டுத் தெச்சுச் சாயத்துல விட்டாப்ல. துணியில சாயம் ஏறும், நூலு வெள்ளையாவே நிக்கும். எத்தன தடவ விட்டாலும் அப்படித்தான்" என்று தனக்குத்தானே சொன்னார். அதற்கப்புறம் மருந்து கூட்டச் சொல்லவில்லை.

ரத்தத்திலும் தசை இறுகினால் விடாத வியாதிதான் என்று வந்தது. தாய் தகப்பன் வழியாக இறங்குகிற வியாதி என்று சொல்லி, டாக்டர் எங்களையும் கையை இறுக்கி மூடித் திறக்கச் சொன்னார். நான் திறந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் விரல் ஒவ்வொன்றாக, மெதுவாகப் பிரிந்தது. காலையில் அவருக்குக் கை விடாதது எனக்கும் தெரியும். சாயத்தண்ணியால் என்றுதான் இருவரும் இருந்தோம். கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். உங்களுக்கும் ரத்தம் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

"வேண்டாமுங்க அம்மிணி. தெரிஞ்சுபோச்சுங்க."

திரும்பி வரும்போது ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் மகன், "அப்பா, உங்க பட்டறை கேட்ல வாச்மேனா உக்கார்ற வேலையாச்சும் கேட்டுப் பாருங்க" என்றான். அவரும் கேட்டு வாங்கிக் கொடுத்தார். மெஷின் பேச்சை அவன் அப்புறம் எடுக்கவே இல்லை.

அந்தப் புரோட்டீன் பேரும், மருந்து ஒட்டுகிற விதமும் என் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறேன். விவரம் தெரிந்தவங்க யாராவது ஒருக்காப் பார்த்து, தப்பிருந்தால் திருத்திவிடுங்க சாமி.