மூன்றாம் முறையும் திரும்பிய பார்சல்

வேலம்பாளையத்தில் வீட்டு முன்னறையை குடோனாக்கி, ஆன்லைனில் டி-ஷர்ட் விற்கிறேன். மதுரைக்காரர் ஒருவருக்கு அனுப்பிய பார்சல் அன்று மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தது. முகவரி சரி. போன் நம்பரும் சரி. அவரும் வீட்டிலேயேதான் இருந்தாராம்.

அதைக் கொண்டுவந்த கொரியர்காரரை வாசலிலேயே பிடித்துக் கத்தினேன். "மதுரை எங்க இருக்குதுன்னு உங்க ஆளுகளுக்குத் தெரியாதுங்களா?" எவ்வளவு கோபம் வந்தாலும் எங்கள் வாயில் இந்த 'ங்க' மட்டும் போகாது.

அவர் பார்சலைத் திருப்பிக் காட்டினார். "ஏனுங்க, பின்னாடி இருக்கற இந்த ஸ்டிக்கர் என்னதுங்க?"

திரும்பி வரும் பார்சல்களின் கவரை நான் எறிவதில்லை. நல்ல கவரை எதற்கு வீணாக்க வேண்டும் என்று, பழைய முகவரியின் மேல் புதியதை ஒட்டி, வாய்க்கு டேப் போட்டு மறுபடி அனுப்பிவிடுவேன். திருப்பி அனுப்பும்போது என் முகவரியோடு கொரியரில் பின்பக்கம் ஒட்டும் ரிட்டர்ன் ஸ்டிக்கரை ஒருநாளும் கிழித்ததில்லை. மதுரைக்குப் போகிற வழியில் ஏதோவொரு மெஷின் அதைப் படித்து, பார்சலை ஒழுங்காக என் வீட்டுக்கே அனுப்பியிருக்கிறது.

"மூணு தடவையும் இதே கவர்தானுங்களா?"

"ஆமாங்க" என்றேன்.

அவர் வண்டியைக் கிளப்பினார். பின்னால் கட்டியிருந்த மூட்டையில் காலையில் நான் கொடுத்த பார்சல்கள் இருந்தன. எல்லாமே பழைய கவர்கள். கூப்பிட்டு நிறுத்த எனக்கு வாய் வரவில்லை.