சித்தி கேட்டுவிட்டு வந்த நாள்

எனக்குக் காதில் சீழ் வடிந்ததால்தான் சித்தி என்னைச் சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள் என்று நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தேன். சீழ் வடிந்தது உண்மைதான். ஆனால் அது முந்தைய மழைக்காலத்திலிருந்தே வடிந்துகொண்டிருந்தது. அம்மா துணியைத் திரித்து வேப்பெண்ணெயில் நனைத்துக் காதில் செருகிவிடுவாள், அதோடு சரி. அந்தக் காதுக்காக ஒருத்தி வேலையை விட்டுவிட்டு மலையிறங்கிப் போவாளா என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கோ பெருமை தாங்கவில்லை.

பெரிய சண்டை முடிந்து பட்டாளத்துக்காரர்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்த சமயம் அது. ஏற்காட்டு மலையில் கொட்டச்சேட்டுக்குப் பக்கத்தில் ஒரு துரையின் காப்பி எஸ்டேட்டில் எங்கள் குடும்பம் இருந்தது. வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் எங்களுடையது ஒன்று, அடுத்தது சித்தியுடையது. நடுச்சுவர் பொது. அப்பா எஸ்டேட் லாரியோடு போய்விட்டு வாரத்தில் ஒரு நாள்தான் தலைகாட்டுவார் என்பதால் நான் பாதி நேரம் சித்தி வீட்டிலேயே கிடப்பேன். அம்மாவைவிட அவள் நான்கைந்து வயது இளையவள். காப்பி பறிப்பதில் அவள் கையைப் பிடிக்க ஆள் கிடையாது. சித்தப்பா பழத்தைத் தோலுரிக்கும் மெஷின் கொட்டகையில் வேலை பார்த்தார். அதிர்ந்து பேசாத மனிதர்.

சித்தியின் பையன் பால்குடி மறந்த சில மாதங்களில் அவளுக்கு இடது மார்பில் ஒரு கட்டி தென்பட்டது. பால் கட்டியிருக்கிறது என்று பற்றுப் போட்டார்கள். அது கரையவில்லை. கடைசியில் சித்தப்பா அவளைச் சேலத்துக்குக் கூட்டிப்போனார். புற்றுக்கட்டி, மார்பை முழுவதும் எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எடுத்தார்கள். நெடுநாள் கழித்து, கையைத் துணியில் தொட்டில் கட்டிக்கொண்டு, பாதி உடம்பாக சித்தி திரும்பி வந்தாள்.

எடுத்ததை ஆஸ்பத்திரியில் எங்கே வைத்திருப்பார்கள் என்பதுதான் என் கவலையாக இருந்தது. புண் ஆறியதும் திரும்பக் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவள் குளிக்கும்போது முதுகு தேய்க்கப் போனேன். அக்குளிலிருந்து நெஞ்செலும்பு வரை நீளமாக ஒரு தழும்பு, காப்பி மூட்டையின் வாயைத் தைத்த மாதிரி. நான் பார்ப்பதை அவள் பார்த்தாள். மறைத்துக்கொள்ளவில்லை.

"வலிக்குதா சித்தி?"

"வலி இல்ல சாமி. இருக்கறாப்பலயே இருக்குது. அரிக்குதேன்னு கையைக் கொண்டுபோனா அங்க ஒண்ணுமில்ல."

எங்கள் லைனில் ரவிக்கை போட்டதே சித்தியின் வயதுப் பெண்கள்தான். மூத்தவர்கள் மாராப்போடு சரி. தொளதொளவென்று சேலை சுற்றியிருந்த அவர்களுக்கு ஒரு பக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. ரவிக்கையோ காட்டிக்கொடுத்துவிடும். சித்தியின் சீமைத்துணி ரவிக்கை இடப்பக்கம் காற்றுப் போன பை மாதிரி சுருங்கிக் கிடந்தது. அதைப் பார்க்கச் சகியாமல் அம்மா இலவம்பஞ்சை அடைத்து ஒரு பொட்டலம் தைத்துக் கொடுத்தாள். சித்தி அதை மறுக்காமல் வாங்கி வைத்துக்கொண்டாள்.

அந்த வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு அதை வைத்துக்கொண்டுதான் போனாள். இலவம்பஞ்சுக்குக் கனம் ஏது? நாங்கள் மலையேற ஏற அதுவும் ஏறிக்கொண்டே போனது. குகைக்குள் சாமி பார்க்கக் குனிந்து நுழைய வேண்டும். சித்தி குனிந்து நிமிர்ந்தபோது அது தோள்பட்டைக்கு வந்துவிட்டது. எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற தலைச்சோலைக்காரப் பெண் ஒருத்தி நல்ல மனதோடுதான் கேட்டாள். "ஏனுங்க, கழுத்துல என்னமோ கட்டி கெளம்பியிருக்குதே, வைத்தியம் பாக்கலீங்களா?"

சுற்றியிருந்த சிலர் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சித்தி பாறைப் பக்கம் திரும்பி நின்று அதை உருவி எடுத்துப் பூக்கூடையில் தேங்காய்க்கு அடியில் வைத்தாள். பிறகு ஒரு பக்கம் தட்டையாகவே நின்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். அழுதது அம்மாதான்.

இறங்கும் வழியெல்லாம் அம்மா தங்கையைத் தேற்றிக்கொண்டே வந்தாள். தேற்றுகிற வேகத்தில் சித்தப்பாவைப் பற்றி ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டாள். "நீ எதுக்குக் கண்ணு வெசனப்படறே? தம்பி மாதிரி மனுசன் யாருக்குக் கெடைக்கும்? டாக்டரு வேற எடத்துச் சதையை எடுத்துப் புதுசா வெச்சுத் தரலாம்னு சொன்னாராமா. தம்பி ஒரே பேச்சுல வேண்டாமுங்கன்னுட்டாராமா. எம்பொண்டாட்டி எப்படி இருந்தாலும் எனக்குச் சரின்னாராமா."

சித்தி அப்படியே நின்றுவிட்டாள்.

"எப்ப சொன்னாரு?"

"புண்ணு ஆறுதான்னு காட்டப் போனீங்கல்ல, அப்பத்தான். உன்னைய வெளிய உக்காத்திவெச்சுட்டுப் பேசுனாங்களாமா. ஏன், உங்கிட்டச் சொல்லலியா?"

வீடு வந்து சேரும்வரை அம்மாதான் பேசிக்கொண்டு வந்தாள். சித்தப்பாவின் பெரிய மனது லைன் முழுக்கத் தெரிந்த செய்தி என்பதும், தெரியாதவள் சித்தி ஒருத்திதான் என்பதும் அந்தப் பேச்சில் வெளிப்பட்டது.

அடுத்த வாரத்தில்தான் என் காதின் மேல் சித்திக்கு அக்கறை வந்தது. இந்தச் சீழை இப்படியே விட்டால் செவிடாகிவிடும், சேலத்தில் காட்டிவிட்டு வருகிறேன் என்றாள். சித்தப்பா தானும் வருகிறேன் என்று கிளம்பினார். மெஷின் வேலை கெடும், காதுக்கு எதற்கு இரண்டு ஆள் என்று தடுத்துவிட்டாள். ஏற்காடுவரை நடந்து, அங்கே கரி பஸ் பிடித்தோம். பெட்ரோல் இல்லாத காலத்தில் பின்னால் கரி அடுப்பை மாட்டிக்கொண்டு ஓடிய பஸ். ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் எனக்குக் குமட்டியது. சித்தி என் தலையைத் தன் வலப்பக்கமாகச் சாய்த்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் பெயர் கூப்பிட்டபோது எழுந்து போனது சித்தி. நானும் பின்னாலேயே போனேன். என் காதைக் காட்டுவதற்கு வாகாகத் தலையைச் சாய்த்து வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். யாரும் அதைப் பார்க்கவில்லை.

டாக்டர் பட்டணத்துக்காரர். பட்டாளத்தோடு போய் பர்மாச் சண்டையில் அடிபட்டு வந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு வந்தவர். கூட ஒரு நர்ஸம்மா நின்றிருந்தாள். சித்தி எதற்கு வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் டாக்டருக்குச் சங்கடமாகிவிட்டது.

"உங்க வீட்டுக்காரர்கிட்ட அப்பவே சொன்னேனேம்மா. அவர் வேண்டாம்னுட்டாரே."

"அவருகிட்டச் சொன்னீங்க. எங்கிட்ட யாரும் சொல்லலீங்க. அதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேனுங்க."

டாக்டர் நர்ஸம்மாவைப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

ஒன்றும் செய்யாமல் இப்படியே இருப்பது ஒரு வழி என்றார். புண் நன்றாக ஆறியிருக்கிறது, அதனால் உடம்புக்குக் கெடுதல் ஏதும் இல்லை. துணியில் பை தைத்து உள்ளே வைத்துக்கொள்வது இன்னொன்று. மூன்றாவதுதான் ஆபரேஷன். சண்டையில் தாடை பறிபோன சிப்பாய்களுக்கு வயிற்றுத் தோலைக் கொண்டுவந்து தாடை வைத்ததாகச் சொன்னார். சாப்பிட்டால் அந்தத் தாடையும் வயிறு மாதிரி உப்பிக்கொள்ளுமா என்று கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. சித்தியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

டாக்டர் மேஜைமேல் ஒரு துண்டை விரித்துக் காட்டினார். வயிற்றில் இரண்டு பக்கமும் கீறி, நடுவில் இருக்கும் தோலையும் கொழுப்பையும் குழாய் மாதிரி சுருட்டித் தைப்பார்கள். ரத்தம் ஓட வேண்டும் என்பதால் இரண்டு முனையும் வயிற்றோடேயே இருக்கும். சில வாரம் கழித்து ஒரு முனையை அறுத்து மேலே கொண்டுபோய் மார்பில் ஒட்டுவார்கள். அது அங்கே பிடித்துக்கொண்ட பிறகு மறுமுனை. அப்புறம் விரித்து உருவம் கொடுப்பது.

சித்தி துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கொய்யாவுக்குப் பதியம் போடற மாதிரிங்களா? கெளையை வளைச்சு மண்ணுல புதைச்சு, வேரு விட்டப்பறம் வெட்டறது?"

"கிட்டத்தட்ட அதேதாம்மா."

"பதியம் எல்லாமே புடிக்கறதில்லீங்களே."

"இதுவும் அப்படித்தான். சில சமயம் கறுத்துப் போயிடும். அப்போ பட்ட கஷ்டமெல்லாம் வீண். நான் சிப்பாய்களுக்கு நிறையச் செஞ்சிருக்கேன், பொம்பளைங்களுக்கு இன்னும் செஞ்சதில்லை. அதையும் சொல்லிடறேன்."

அதற்குப் பிறகு சித்தி ஒவ்வொன்றாகக் கேட்டாள். எத்தனை நாள் படுத்திருக்க வேண்டும்? மாசக்கணக்கில், விட்டு விட்டு. மற்றது மாதிரியே இருக்குமா? இருக்காது, சேலைக்குள் ஒத்துப்போகும். தொட்டால் தெரியுமா? தெரியாது. பழைய வியாதி அதற்கு அடியில் திரும்ப வந்தால்? கைக்குத் தட்டுப்படத் தாமதமாகலாம், அதனால் ஒரு வருஷமாவது பொறுத்துப் பார்த்துவிட்டுச் செய்வதுதான் நல்லது என்றார். வயிற்றில் இன்னொரு பிள்ளை வந்தால்? வயிறு இழுத்துக் கட்டினது மாதிரி இருக்கும், பிள்ளை வேண்டுமானால் அதை முதலில் பார்த்துக்கொள்வது உத்தமம் என்றார்.

கடைசியாக ஒன்று கேட்டாள். "வேணும்னு சொன்னா செய்வீங்களா? எங்க ஊட்டுக்காரரு ஒத்துக்கிட்டாத்தான்னு சொல்லுவீங்களா?"

"அவர் கையெழுத்துப் போடணும்னுதான் இங்கே வழக்கம். ஆனா நீங்க வேணும்னு சொன்னா, அவர்கிட்ட நானே பேசறேன்."

சித்தி கொஞ்சம் வெளியே இருந்துவிட்டு வருவதாகச் சொல்லி என்னையும் அழைத்துக்கொண்டு வந்தாள். வாசலில் இருந்த மரத்தடியில் உட்கார்ந்து புளிச்சோற்றைப் பிரித்தோம். அவள் சாப்பிடவில்லை. முந்தானைக்குள் கையை விட்டு ஒரு முறை தட்டையான பக்கத்தைத் தொட்டாள். பிறகு அந்தக் கையை இறக்கி வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். பசிக்கிறது போல என்று நினைத்து என் பங்கிலிருந்து ஒரு கவளம் நீட்டினேன். "நீ தின்னு சாமி" என்றாள்.

மறுபடி உள்ளே போய், நின்றபடியே சொன்னாள். "வேண்டாமுங்க. நொம்ப நேரம் பொறுமையாச் சொன்னீங்க. இருந்தாலும் எனக்கு வேண்டாமுங்க."

டாக்டர் தலையசைத்தார். மனது மாறினால் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றார். நர்ஸம்மா அவளைத் தனியே அழைத்துப்போய், பஞ்சுக்குப் பதிலாகச் சாமையை நிரப்பிப் பை தைக்கவும், அதை ரவிக்கையின் உள்பக்கத்தோடு சேர்த்துத் தைக்கவும் சொல்லிக்கொடுத்தாள். கனம் சமமாக இருந்தால்தான் ஒரு பக்கத் தோள் தூக்கிக்கொள்ளாதாம். சுவரில் விரல்களை மெல்ல மெல்ல மேலே ஏற்றிப் பழகினால் கை நன்றாக உயரும் என்றும் செய்து காட்டினாள். கிளம்பும்போதுதான் டாக்டரின் கண்ணில் என் காது பட்டது. ஒரு மருந்தை ஊற்றினார். அத்தனை மாசம் வடிந்த சீழ் ஒரு வாரத்தில் நின்றது.

சாமைப் பையைச் சித்தி தைத்துக்கொண்டாள். கல்யாணம் காட்சி என்றால் வைத்துக்கொள்வாள். காப்பி பறிக்கப் போகும்போது கழற்றி ஆணியில் மாட்டிவிடுவாள். மழைக்காலத்தில் சாமை ஈரம் கோத்துவிடும் என்று அவ்வப்போது கோழிக்குப் போட்டுவிட்டுப் புதிதாக நிரப்புவாள். நாலைந்து வருஷம் கழித்து அவளுக்கு ஒரு பெண் பிறந்தது. அது ஒரு பக்கத்துப் பாலிலேயே எங்கள் எல்லோரையும்விடக் கொழுகொழுவென்று வளர்ந்தது. ஆபரேஷன் பேச்சை அவள் அப்புறம் எடுக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. எனக்குக் கல்யாணமாகிப் போன பிறகும் ஒரு முறை, "செஞ்சிருந்தா எப்படி இருந்திருக்குமோ" என்றாள், ஏதோ போகாத ஊரைப் பற்றிச் சொல்வது போல.

ஆனால் நாங்கள் சேலத்திலிருந்து திரும்பிய அந்தச் சாயங்காலம்தான் எனக்கு அப்படியே நினைவில் இருக்கிறது. சித்தப்பா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார். அம்மாவும் வந்துவிட்டாள். காது என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். சித்தி செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னாள்.

"காதுக்கு மருந்து ஊத்தியிருக்குதுங்க. நான் டாக்டருகிட்ட அந்த ஆபரேசனைப் பத்திக் கேட்டுட்டு வந்தேனுங்க. எல்லாம் வெவரமாச் சொன்னாரு. வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

சித்தப்பா குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். பிறகு அவர் முகம் தெளிந்தது. "அதைத்தான புள்ள நானும் சொன்னேன். நான் சொன்னதும் வேண்டாம்னுதான?"

"நீங்க சொன்னது வேறங்க. நான் சொன்னது வேறங்க."

"நீ மறுக்கா வலி திங்கோணுமான்னுதான் சொன்னேன். உன்ர நல்லதுக்குத்தான்."

"நல்லதுக்குத்தானுங்க. நான் இல்லேன்னு சொல்லலீங்க. ஆனா எங்கிட்டக் கேக்க வேண்டியதை உங்ககிட்டக் கேட்டுப்போட்டாங்க. அதை நீங்க எங்கிட்டக் கொண்டாந்து குடுத்திருக்கோணும்."

அம்மா தங்கையின் கையைப் பிடித்து அடக்கப் பார்த்தாள். சித்தி குரலை உயர்த்தவே இல்லை, அதனால் அடக்குவதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. சித்தப்பா குழந்தையை அம்மாவிடம் கொடுத்தார். பிறகு, "டாக்டரு என்னென்ன சொன்னாரு, எனக்கும் சொல்லு" என்று சித்தியின் எதிரில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சித்தி அவர் தோளிலிருந்த துண்டை எடுத்துத் தரையில் விரித்தாள். இரண்டு ஓரத்தையும் விரலால் கீறிக் காட்டி, நடுவைச் சுருட்டத் தொடங்கினாள்.

நான் அதை ஒரு தடவை பார்த்தாகிவிட்டது. எனக்கு அலுப்பாக இருந்தது. அவர் சொன்னதும் வேண்டாம். இவள் சொன்னதும் வேண்டாம். இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்லியிருக்கும்போது, அதைச் சொல்வதற்கு ஒருத்தி கரி பஸ்ஸில் என்னையும் குமட்டவைத்துக்கொண்டு சேலம்வரை ஏன் போக வேண்டும் என்று யோசித்துக்கொண்டே நான் தூங்கிப்போனேன்.