ராசா முகத்துக்கு முன்னால் ஒரு பெருவிரல்

உலகத்தில் வெள்ளிக்காசு சேர்த்தவர்கள் எல்லாரையும் தராசின் ஒரு தட்டிலும் அக்கராயன் சின்னராசாவை மற்றத் தட்டிலும் ஏற்றினால், சின்னராசாவின் தட்டு நிலத்தில் இடித்துக் கிணறு தோண்டிவிடும். லண்டன் அரண்மனையிலிருந்து ஆட்கள் வந்து, குளக்கட்டில் பாய் விரித்துப் படுத்திருந்து, காசைக் கண்ணால் காட்டினாலே போதும் என்று கெஞ்சியதாகவும் ஒரு கதை உண்டு. அந்தக் கதையைக் கட்டிவிட்டவன் பக்கத்து வளவு ஜனகன். வயது பதினேழு, ஓ.எல். சோதனையில் கணக்கில் கோட்டை விட்டவன், இதை எழுதுகிறவனும் அவன்தான். உண்மையில் சின்னராசாவிடம் இருந்தவை ஏழு காசுகள்.

ஏழும் வெள்ளைக்காரன் காலத்து ஐம்பது சதம். ஒரு பக்கம் ராசா தலை, மறுபக்கம் பனை. சின்னராசா இளந்தாரியாக இருந்தபோது, சனங்கள் பிள்ளைகளுக்கு அரைஞாண் செய்ய இப்படியான காசுகளைப் பத்தரிடம் உருக்கக் கொடுப்பார்கள். இவர் அரை மூடை நெல்லைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய், பட்டறையில் குந்தியிருந்து, அதிகம் கைமாறாத காசாகப் பார்த்துப் பொறுக்குவார். பெட்டிக்குள் சும்மா கிடந்த வெள்ளிக்கு ஒரு தோல் வளரும் என்பது அவர் கதை. சாம்பல் நிறம், அதற்குள் மண்ணிறம், ஓரத்தில் கொஞ்சம் நீலம். அந்தத் தோல் உரியாமல் இருக்கவேண்டும். பளபளவென்று மினுக்கிய காசைக் காட்டினால், தோலுரித்த ஆட்டைக் கண்டதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

நாற்பதுக்கு மேல் சேர்த்திருந்தார். இடப்பெயர்வில் அவை ஒவ்வொன்றாக அரிசியாகவும் பால்மாவாகவும் போயின. கடைசி ஏழு சாரத்து மடிக்குள் மிஞ்சின. அதில் ஒன்றை யார் என்ன கொடுத்தாலும் விற்றிருக்கமாட்டார்.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு அவருடைய ஒரே மகன் கிருசாந்தனுக்குப் பதினொரு வயது. வாய்ப்பன் தின்ற எண்ணெய்க் கையோடு அந்தக் காசை எடுத்து, ராசாவின் மூக்குக்கு முன்னால் இருந்த வெறும் இடத்தில் பெருவிரலை நன்றாக அழுத்திவிட்டான். சின்னராசா கைநீட்டி அறைந்தார். பெடியனின் கன்னத்தில் அவருடைய விரல்கள் பின்னேரம் வரை கிடந்து மறைந்தன. காசில் கிடந்த விரல் மறையவில்லை. வருடம் போகப் போகக் கறுத்து, ரேகை ரேகையாகத் தெளிந்து வந்தது. காசு பழுதாகிவிட்டது என்று அப்போது அதை ஒதுக்கி வைத்தார்.

இரண்டாயிரத்து ஒன்பதில், சண்டை எல்லாம் முடிந்த கிழமை, கிருசாந்தனை விசாரித்துவிட்டு விடுவதாகச் சொல்லி ஆமிக்காரர் ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். அந்த பஸ் எங்கே நின்றது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. அவனுடைய படம், பிறப்புப் பத்திரம், பள்ளிக்கூடக் கொப்பி எல்லாம் கடலேரித் தண்ணீரில் போய்விட்டன. அவன் என்று ஒருவன் இருந்ததற்கு மிஞ்சியது அந்த விரல் அடையாளம் மட்டும்.

சின்னராசா ஒவ்வொரு நாளும், மணிக்கூடு திருத்துகிறவர்கள் கண்ணில் வைக்கும் பூதக்கண்ணாடியால் அதைப் பார்ப்பார். மனைவி விமலேஸ்வரிக்கு அதைப் பற்றிச் சொன்னதில்லை. சொன்னால் அறைந்த கதையையும் சொல்லவேண்டும்.

போன வருடம் கிளிநொச்சியில் விசாரணை என்று கடிதம் வந்தது. காணாமல் போனவரின் படமோ வேறு அடையாளமோ இருந்தால் கொண்டுவரவும் என்று இருந்தது. கள்ளனைக் கைரேகையை வைத்துப் பிடிக்கிறவர்கள் என் பிள்ளையையும் பிடித்துத் தரட்டும் என்று சின்னராசா நினைத்தார். பதினைந்து வருடத்தில் அவருக்கு வந்த முதல் நம்பிக்கை அது. மகன் தொட்ட காசு, இதையும் கொண்டுபோகப் போகிறேன் என்று மட்டும் விமலேஸ்வரியிடம் சொல்லிவிட்டு, காசை மேசையில் வைத்து, குளத்துக்குக் குளிக்கப் போனார்.

விமலேஸ்வரி காசைப் பார்த்தா. பெரிய உத்தியோகத்தர்களுக்கு முன்னால், மகனின் பொருளை இப்படிக் கறுத்துப்போன கோலத்தில் வைப்பதா? வெள்ளிக்கிழமைகளில் குத்துவிளக்கு மினுக்குவதுபோல, புளியும் சாம்பலும் போட்டு, தேங்காய்ப் பொச்சால் பதமாகத் தேய்த்துக் கழுவி, வெள்ளைக் கைலேஞ்சியில் முடிந்து கணவனின் சட்டைப் பையில் வைத்துவிட்டா.

சின்னராசா முடிச்சை அவிழ்த்தது அதிகாரியின் மேசையில்தான். காசு கண்ணைக் குத்துகிற மாதிரி மினுங்கியது. ராசாவின் மூக்குக்கு முன்னால் ஒன்றுமில்லை. அவர் காசை மேசையில் திருப்பித் திருப்பி வைத்தார். மொழிபெயர்க்க இருந்த பிள்ளை இரக்கத்தோடு குனிந்து, மெதுவாகச் சொன்னாள்.

"இஞ்ச காசு ஒண்டும் வாங்கிறேல்லை, ஐயா. உள்ள வையுங்கோ."

பிறகு அவர்கள் பழையபடி பெயர், வயது, கடைசியாகக் கண்ட இடம் என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். அது ஏழாவது தடவை.

அவர் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தார். பார்த்தார்களா என்று விமலேஸ்வரி கேட்டா.

"நீர் தேச்சனீரே?"

"ஊத்தையாக் கிடந்தது. பெரியாக்களுக்கு முன்னால வைக்கிறது எண்டு…"

"அது ஊத்தை இல்லையப்பா. அவன்ர விரல்."

அன்றைக்குத்தான் அறைந்த கதை வரை எல்லாவற்றையும் சொன்னார். விமலேஸ்வரி அழவில்லை. எழும்பிப் போய், கிணற்றடியில் தன் இரண்டு கையையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டு இருட்டும்வரை இருந்தா. அதற்குப் பிறகு அந்த வீட்டு விளக்கை யாரும் மினுக்கவில்லை. சோறு ஆக்குவா, தின்னமாட்டா.

இது எல்லாவற்றையும் வேலிக்கு அந்தப் பக்கம் பப்பாசி களவெடுக்க நின்ற ஜனகன் கேட்டுவிட்டான். இரண்டு கிழமை கழித்து வந்து, இணையத்தில் போடப் படம் எடுக்கவேண்டும் என்று காசைக் கேட்டான். கொண்டுபோகச் சொன்னார் சின்னராசா. இனி அதில் பார்க்க என்ன கிடக்கிறது என்றார்.

ஜனகன் பெருவிரலில் தேங்காய் எண்ணெய் தடவி, ராசாவின் மூக்குக்கு முன்னால் அழுத்தினான். அவித்த முட்டை மஞ்சளோடு ஜாம் போத்தலுக்குள் காசைப் போட்டு மூடினான். முட்டை நாற்றத்தில் வெள்ளி கறுக்கும் என்று போனில் பார்த்திருந்தான். மூன்று தரம் பிழைத்தது. முட்டைக் கணக்குக்குத் தாயிடம் அகப்பைக்காம்பால் வாங்கிக்கட்டினான். நாலாம் தரம், மண்ணிறத்தில், ரேகை ரேகையாக ஒரு விரல் வந்தது.

காசைக் கொண்டுபோய்க் கொடுத்து, வெள்ளிக்குள் ஊறின எண்ணெய் நாள்போகத் திரும்ப மேலே வருமாம் என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டான். குசினிக்குள் நின்ற விமலேஸ்வரிக்கு அது கேட்டுவிட்டது. ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி வாசலுக்கு வந்தா. கிட்ட வரவில்லை.

"வந்திட்டுதோ?"

சின்னராசா முற்றத்து வெளிச்சத்தில் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். அந்த ரேகைகளைக் கண்ணை மூடிக்கொண்டே கீறக்கூடியவர் அவர். மகனுடையது வட்டச் சுழி. இது பக்கவாட்டில் வளைந்து போகிறது.

"ஓம்," என்றார். "வந்திட்டுது."

அவ உள்ளே போனா. சாப்பாட்டுக் கோப்பை எடுக்கிற சத்தமும் சோற்றுப்பானை மூடி திறக்கிற சத்தமும் கேட்டன. அதுவரை சின்னராசா அசையாமல் நின்றார். பிறகு ஜனகனின் வலக்கையைப் பிடித்துத் திருப்பி, பெருவிரலுக்கு மேலே கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, கையை விட்டார். உள்ளே கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"அடுத்த விசாரணைக்கு இதைக் கொண்டுபோய்க் குடுத்தனெண்டால், அவங்கள் உன்னையெல்லே தேடுவாங்கள், தம்பி."