கோட்டைத் தாண்டிய வெளிச்சம்

தொண்ணூறுகளில் ஆக்லாந்தில் எனக்கு வாய்த்த வேலை, துருவ ஒளியை நேரில் காணாமலே அதற்குத் தீர்ப்புச் சொல்வது. செயற்கைக்கோள் எடுத்த தென்துருவப் படங்கள் காந்த நாடாக்களில் தபாலில் வரும். திரையில் துருவத்தைச் சுற்றி ஒளி வளையம் தெரியும். அதற்கு வெளியே ஒரு கோடு போட்டிருந்தோம். வெளிச்சம் கோட்டைத் தாண்டினால் அது துருவ ஒளியல்ல, கருவிக்குள் புகுந்த வெயில். படத்தைத் தள்ளிவிட வேண்டும். தள்ளிய நாடாக்களை வெள்ளிக்கிழமைகளில் அழித்து மறுபடி பாவிப்போம். இந்த நடைமுறையை எழுதியவன் நான். ஆகவே அதில் பிழை இருக்க வாய்ப்பில்லை.

மலேசியாவிலிருந்து வந்திருந்த ஆராய்ச்சி மாணவி ஒரு பெரிய காந்தப் புயலின் படங்களுக்காகக் காத்திருந்தாள். அவை இல்லையென்றால் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் இல்லை. உதவித்தொகையும் அந்த ஆண்டோடு சரி. ஒரு வியாழக்கிழமை என் மேசைக்கு வந்தாள்.

"அங்கிள், புயல் படம் எல்லாத்தையும் தள்ளிட்டீங்களா?"

வெயில் என்றேன்.

"புயல் அன்னிக்கு வளையம் பெருசாகும் லா."

புயல் நடந்த தேதியைப் பார்த்தேன். குளிர்காலம், நேரத்தோடு இருட்டிவிடும். அன்று பின்னேரம் மவுண்ட் ரோஸ்கில் வீட்டில் மனைவி கொடியிலிருந்து உடுப்பு எடுத்தபடி என்னைக் கூப்பிட்டிருந்தாள், தெற்கு வானம் சிவந்திருக்கிறதென்று. நான் கதிரையை விட்டு எழும்பாமலே, எங்கோ பற்றைக்காடு எரிகிறது என்று முடித்துவிட்டேன்.

தள்ளிய படத்தை மீட்கவும் ஒரு படிவம் இருந்தது. அதுவும் என் கைவண்ணம்தான். தரையிலிருந்து கண்ட ஒருவரின் சாட்சியம் வேண்டும்: நேரம், திசை, நிறம். யாரும் நிரப்பமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் சேர்த்தது. மறுநாள் வெள்ளி. வீட்டுக்கு போன் எடுத்தேன்.

"இஞ்சேரும், அண்டைக்கு நீர் கண்ட சிவப்பு எத்தனை மணிக்கு?"

"பற்றை எரியுதெண்டெல்லே சொன்னனீங்கள்."

மாணவி மேசை விளிம்பைப் பிடித்தபடி நின்றாள். பிழை என்னுடையது என்றேன். கலியாணமாகி இருபத்தைந்து வருடங்களில் அந்த வசனம் என் வாயிலிருந்து வந்தது அதுவே முதல் தடவை. அதுவும் அலுவலக போனில், சாட்சி வைத்துக்கொண்டு.

ஆறு மணிச் செய்தி தொடங்க முன்னம் என்றாள் மனைவி. அயல்வீட்டுக் கூரைக்கு ஒரு முழம் மேலே. நெருப்பென்றால் ஆடும், இது ஆடவில்லை. மேலே போகப் போக வெளிறியது. அவ்வளவு ஒழுங்கான அவதானிப்பு எங்கள் பிரிவில் ஒருவரிடமிருந்தும் வந்ததில்லை.

"எழுதினதை வாசியுங்கோ."

வாசித்தேன். இரண்டு இடத்தில் திருத்தினாள்.

நான் கையெழுத்து வைக்குமுன்பே மாணவி நாடாவை அலமாரியிலிருந்து எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அது நடைமுறைக்கு முற்றிலும் விரோதம். நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.