நான் வாசிக்க மறுத்த நான்கு வரிகள்

என் மனைவியின் முப்பத்தோராம் நாள் கிரியை ஒஸ்லோவின் ஸ்டோவ்னர் பகுதியில், எங்கள் அடுக்குமாடி வீட்டில் நடந்தது. மாசி மாதம்; வெளியே முழங்கால் அளவு பனி. வந்தவர்கள் வாசலில் சப்பாத்துகளைக் கழற்றினார்கள். வாசலில் இடம் போதாமல் அவை படிக்கட்டில் இறங்கி அடுத்த தளம்வரை போயின. உள்ளே ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு நோர்வேஜியர் அவற்றையெல்லாம் இரண்டு கறுப்புக் குப்பைப் பைகளில் அள்ளிப்போட்டு, முற்றத்தில் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். கதவைத் தட்டவில்லை. ஒரு சொல் சொல்லவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் காலுறையோடு பனியில் இறங்கி, பைகளைக் கவிழ்த்து, தத்தம் சோடியைத் தேடினார்கள். ரொம்மனிலிருந்து வந்த நண்பர், ஊரில் என்னோடு ஒரே கல்லூரியில் படிப்பித்தவர், ஒற்றைச் சப்பாத்தைத் தூக்கிப் பிடித்தபடி சொன்னார்:

"மாஸ்டர், மற்றதை உங்கடை மனுசி கையோடை கொண்டுபோட்டா போலை கிடக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மேலே பார்த்தேன். எதிர்வீட்டுச் சமையலறை யன்னலில் அவர் நின்றார்.

மறுநாள் கடிதப்பெட்டியில் ஒரு தாள் கிடந்தது. அவர்தான் எங்கள் கட்டடச் சங்கத்தின் தலைவர். தீ விபத்து அபாயம் காரணமாகப் படிக்கட்டில் எந்தப் பொருளும் வைக்கலாகாது என்ற விதியின் கீழே சிவப்புக் கோடு இழுத்துக் கையெழுத்திட்டிருந்தார். நான் அதைக் கிழிக்கவில்லை. மனைவியின் மரணச் சான்றிதழை வைத்திருந்த கோப்பிலேயே வைத்தேன். சான்றிதழை எடுக்கும்போதெல்லாம் இதுவும் கையில் வரவேண்டும் என்று நினைத்துத்தான் வைத்தேன்.

நான் ஊரில் வரலாறு கற்பித்தவன். ஒஸ்லோவில் ஒரு விடுதியில் கோப்பை கழுவினேன். முதுகு போனபிறகு, வேலை தேடித் தரும் அலுவலகம் என்னைப் பழைய தேவாலயப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் வேலைக்கு அனுப்பியது. ஞானஸ்நானம், திருமணம், மரணம், அமெரிக்காவுக்குப் போனவர்களின் பட்டியல். எல்லாம் இந்த நாட்டவரே இன்று வாசிக்க முடியாத, முள்ளுமுள்ளான பழைய கையெழுத்து. எனக்கு அது விரைவில் பிடிபட்டது. அந்த வேலைக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது: தாளில் இருப்பதை எழுது, இருக்கவேண்டும் என்று நீ நினைப்பதை எழுதாதே. வாசிக்க முடியாத இடத்தில் சதுர அடைப்புக்குறி போட்டு உள்ளே மூன்று புள்ளி வை. ஒன்பது வருடம் நான் அந்தச் சட்டத்தை மீறியதில்லை.

ஓய்வு பெற்ற வருடம், இலையுதிர்காலத்தில், எதிர்வீட்டுக்காரர் என் கதவைத் தட்டினார். கையில் ஒரு தகரப் பெட்டி. நாங்கள் நோர்வேஜிய மொழியில்தான் கதைத்தோம். என் காதில் அது எப்படிக் கேட்டதோ அப்படியே இங்கே தமிழில் தருகிறேன்.

"உங்களுக்கு இந்த எழுத்து வாசிக்கத் தெரியும் எண்டு கேள்விப்பட்டன்" என்றார்.

பெட்டியில் பதினொரு கடிதங்கள். அவருடைய பூட்டனாரின் தம்பி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு மலைப் பள்ளத்தாக்கிலிருந்து அமெரிக்காவுக்குப் போய்ப் புல்வெளியில் கமம் செய்தவர், தாய்க்கு எழுதியவை. குடும்பத்தில் ஒரு பழங்கதை மட்டும் எஞ்சியிருந்தது. தகப்பன் இறக்குமுன், இளையவன் குட்டியிலிருந்து வளர்த்த பெண்குதிரை அவனுக்கே என்று சொன்னாராம். நிலம் வழக்கப்படி மூத்தவனுக்குப் போயிற்று. மூத்தவன் குதிரையையும் கொடுக்கவில்லை. இளையவன் ஒரு மரப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு துறைமுகத்துக்கு நடந்தே போனான்.

"அடுத்த கோடையிலை அவரின்ரை ஆக்கள் அமெரிக்காவிலை இருந்து வருகினம். நான் குடும்ப வரலாற்றை ஒரு சின்னப் புத்தகமாய் அடிக்கப்போறன். அவர் எங்களை மன்னிச்சவரோ எண்டு எனக்குத் தெரியவேணும். தெரியாமல் அந்தச் சனத்தின்ரை முகத்தைப் பார்க்க ஏலாது."

எழுபத்தெட்டு வயது மனிதர். நூற்றுச் சொச்சம் வருடத்துக்கு முந்திய ஒரு குதிரைக்காக அவருடைய குரல் தளும்பியது. என் வாசலில், ஆறு வருடங்களுக்கு முன் எங்கள் சப்பாத்துகளை அள்ளிய அதே இடத்தில் நின்றுகொண்டுதான் இதைச் சொன்னார். இப்போதாவது அதைப்பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டேன்.

ஹவுகெட்டோவில் இருக்கும் என் மகள் ஞாயிற்றுக்கிழமை வந்தபோது மேசையில் கடிதங்களைக் கண்டாள்.

"அப்பா, நல்ல வேலை. இனியாவது இரண்டு பென்ஷோனிஸ்டும் வாசலுக்கு வாசல் முறைக்கிறதை நிப்பாட்டுங்கோ."

"சப்பாத்தைப் பற்றி ஒரு சொல் கதைக்கேல்லைப் பிள்ளை அவர்."

"நீங்கள் கேட்டனீங்களோ?"

"நான் ஏன் கேக்கவேணும்?"

"அப்ப அவருக்கு என்னெண்டு தெரியும்? அந்தாள் மறந்திருக்கும். நீங்கள்தான் அதைக் கோப்புக்குள்ளை வைச்சுப் பூசை செய்யிறியள்."

அதன்பிறகு, நான் வாசித்து எழுதிய தாள்களை வாங்க அவர் வந்து போகும் நாட்களில், வேண்டுமென்றே என் சப்பாத்துகளை வாசலுக்கு வெளியே வைத்தேன். அவர் அவற்றைக் கவனமாகத் தாண்டி உள்ளே வந்தார். விதியைப்பற்றிக்கூட ஒன்றும் சொல்லவில்லை. என் கோபத்துக்கு அதுவே எண்ணெய் ஆயிற்று.

அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் அமெரிக்கக் கமக்காரனோடு வாழ்ந்தேன். முதல் வருடம் ஆற்றங்கரை மேட்டில் குழி தோண்டி அதற்குள் இருந்தான். பிறகு புல்வேரோடு மண்ணைக் கட்டிகட்டியாக வெட்டி அடுக்கி வீடு கட்டினான். மழை பெய்தால் மூன்று நாள் கழித்தும் உள்ளே ஒழுகுமாம். வெட்டுக்கிளிகள் வந்து கோதுமையைத் தின்று, பிறகு மண்வெட்டிப் பிடியில் ஊறியிருந்த வியர்வை உப்புக்காக மரத்தையும் அரித்தன. தொண்டையை அடைக்கும் காய்ச்சலில் ஒரே வாரத்தில் இரண்டு பிள்ளைகளைப் புதைத்தான். நிலம் உறைந்திருந்ததால் நெருப்பு மூட்டி இளக்கித்தான் குழி வெட்டினானாம்.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது இவையல்ல. அவனுடைய நஞ்சு. தாய்க்கு அச்செழுத்துத்தான் வாசிக்கத் தெரியும். கடிதத்தை மூத்தவனே உரத்து வாசிக்கவேண்டும். அது இளையவனுக்குத் தெரியும். ஆகவே ஒவ்வொரு கடிதத்திலும் அண்ணனின் வாயாலேயே அண்ணனைக் குத்தினான். "இங்கே எனக்கு நான்கு குதிரைகள், அம்மா. ஒன்றையும் நான் யாரிடமிருந்தும் எடுக்கவில்லை." "அங்கே பனியில் சறுக்குவண்டி இழுக்க நல்ல குதிரை இருக்கும்தானே, அம்மா?" அண்ணன் தன் குரலில் இதைத் தாய்க்கு வாசித்திருப்பான் என்று நினைக்க எனக்குச் சிரிப்பு வந்தது. இப்படி ஒருவன் எனக்கு இந்த நாட்டில் கிடைத்ததே இல்லை. இருபது வருடம் ஒரு குதிரையை விடாதவன். என் ஆள்!

பதினோராவது கடிதத்தில் அவன் என்னைக் கைவிட்டான்.

கடிதத்தின் கடைசி மடிப்பில் ஒரு பழுப்புக் கறை இருந்தது. கறைக்கடியில் நான்கு வரிகள். மங்கல்தான், ஆனால் எனக்குத் தெளிவாகவே வாசிக்க முடிந்தது. "குதிரையைப்பற்றி நான் இனிப் பேசமாட்டேன் என்று அண்ணனிடம் சொல்லுங்கள். அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. இனிக் கேட்கத் தேவையுமில்லை. மூன்றாவது மகனுக்கு அவனுடைய பெயரை வைத்திருக்கிறேன். தினமும் வயலில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிடுகிறேன், கோபத்தோடு கூப்பிட வரவில்லை."

கேட்காமலே கொடுத்துவிட்டான். அண்ணன் ஒரு சொல் சொல்லவில்லை, ஒரு விரலை அசைக்கவில்லை, இவன் கொடுத்துவிட்டான். எதிர்வீட்டு மனிதர் இந்த வரிகளை வாசித்துக் கண்ணீர் விட்டு, நிம்மதியாகத் தூங்கி எழும்புவார். எனக்கு? என் மனைவியின் நாளில் பனியில் காலுறையோடு நின்றவர்களுக்கு?

எழுந்துபோய்த் தேநீர் போட்டுக் குடித்தேன். திரும்பி வந்து கணினியில் ஒரு சதுர அடைப்புக்குறி போட்டேன். உள்ளே மூன்று புள்ளிகள். பக்கத்தில் குறிப்பு எழுதினேன்: கறை காரணமாக நான்கு வரிகளை வாசிக்க முடியவில்லை.

தாளை அவரிடம் கொடுத்தேன். அவர் நின்றபடியே வாசித்து முடித்தார்.

"அப்ப அவர் கடைசிவரை மன்னிக்கேல்லை."

"தாளிலை இருக்கிறதைத்தான் நான் எழுதலாம்" என்றேன்.

அவர் படி கடந்து தன் வீட்டுக்குள் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று எனக்கு நன்றாகப் பசித்தது. இதையும் சொல்லவேண்டும்: அந்த வாரம் முழுவதும் நான் சந்தோசமாக இருந்தேன்.

ஆனி மாதம் அமெரிக்கர்கள் வந்தார்கள். நான்கு பேர். மூத்தவர் எண்பதை எட்டிய அம்மையார், அந்தக் கமக்காரனின் மகன் வயிற்றுப் பேத்தி. கடிதங்களை வாசித்தவன் என்று என்னையும் அழைத்து, சோபாவின் நடுவில் இருத்தினார் எதிர்வீட்டுக்காரர். வாஃபல் அப்பமும் பழுப்புப் பாற்கட்டியும் வந்தன. பிறகு அவர் எழுந்து, ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூட ஆங்கிலத்தில் வாசித்தார். தன் பூட்டனார், தம்பியின் குதிரையை எடுத்துக்கொண்டார்; தம்பி மன்னிக்காமலே இறந்தார்; அது நியாயமே; அண்ணனின் வழியில் உயிரோடிருப்பவர்களில் மூத்தவன் என்ற முறையில் தான் மன்னிப்புக் கேட்பதாகச் சொன்னார்.

அமெரிக்க அம்மையார் திகைத்துப் போனார். "குதிரையா? எங்களுக்கு இப்படி ஒரு சண்டை நடந்ததே தெரியாதே" என்றார். பிறகு, தன் தகப்பன் அந்தக் கமக்காரனின் மூன்றாவது மகன் என்று சொல்லி, தகப்பனின் பெயரையும் சொன்னார்.

எதிர்வீட்டுக்காரர் தாளை மேசையில் வைத்தார். "அது என்ரை பூட்டனாரின்ரை பெயரல்லோ" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "வெறுக்கிற மனுசன்ரை பெயரை ஆரும் பிள்ளைக்கு வைப்பினமோ? அந்த நாலு வரியிலை ஏதும்... ஒரு சொல்லாவது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாயில் வாஃபல் இருந்தது. அதை விழுங்கினேன்.

"மை அழிஞ்சுபோட்டுது" என்றேன். "வாசிக்க ஏலாது."

முதல் தடவை நான் ஒரு தாளில் பொய் எழுதினேன். இரண்டாம் தடவை அவருடைய வீட்டில், அவருடைய உணவை வாயில் வைத்துக்கொண்டு, அவருடைய முகத்துக்கு நேரே சொன்னேன்.

விருந்தினர் விடுதிக்குப் போனபின் மாலை ஆறு மணியளவில் கதவு தட்டப்பட்டது. அவர்தான். இன்னும் கழுத்துப்பட்டியைக் கழற்றவில்லை.

"இண்டைக்கு ஒருக்கால் மன்னிப்புக் கேட்டுப் பழகீட்டன்" என்றார். "இன்னும் ஒண்டு இருக்கு. உங்கடை ஆக்களின்ரை சப்பாத்து. உங்கடை மனைவிக்கு எண்டு எனக்குத் தெரியாது. பார்ட்டி எண்டு நினைச்சிட்டன். பிறகு தெரிஞ்சது. தெரிஞ்ச பிறகு வெக்கம். வந்து சொல்லியிருக்கவேணும். அதுக்குப் பதிலாய் விதியைக் காட்டிக் கடிதம் போட்டன்."

நான் ஆறு வருடமாகக் கேட்கக் காத்திருந்தது அதுதான். கேட்டதும் எனக்குள் ஒன்றும் குளிரவில்லை. தலையை ஆட்டினேன். கதவைச் சாத்தினேன்.

காலையில் பதினோராவது கடிதத்தை நான் நகலெடுத்து வைத்திருந்த தாளை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு, நின்றபடி அந்த நான்கு வரிகளை வாசித்தேன். அவர் கம்பளிக் காலுறையோடு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"திருப்பி வாசியுங்கோ."

வாசித்தேன்.

"நேற்று அவ இருக்கேக்கை நான் கேட்டனான்."

"ஓம்."

"அப்பவும் தெரியும்?"

"ஓம். முதல் நாளிலை இருந்து தெரியும்."

"சப்பாத்துக்காகவோ?"

"ஓம்."

அவர் முகம் சிவக்கும், கத்துவார் என்று நினைத்தேன். கத்தினால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். அவர் வழிவிட்டு நின்றார். சமையலறை மேசையில் அவருடைய புத்தகத்தின் நாற்பது பிரதிகளில் எஞ்சிய முப்பத்துநான்கு அடுக்கியிருந்தன. மற்ற ஆறும் விருந்தினர் பெட்டிக்குள் போய்விட்டன. அவர்கள் விடிகாலை விமானத்தில் ஏறியிருந்தார்கள். ஒரு பேனாவை என் பக்கம் தள்ளினார்.

"எழுதுங்கோ. எல்லாத்திலையும்."

எழுதினேன். அடைப்புக்குறியைக் கோடிழுத்து வெட்டி, பக்கத்து ஓரத்தில் நான்கு வரிகள். முப்பத்துநான்கு தடவை. அவர் எதிரே இருந்து ஒவ்வொன்றாக வாங்கிச் சரிபார்த்து மூடினார். கோப்பி போட்டார். தனக்கு ஒரு கோப்பையில் மட்டும் ஊற்றினார். இந்த நாட்டில் குழாய் திருத்த வருபவனுக்கும் கோப்பி கொடுப்பார்கள்.

"அமெரிக்காவுக்கு நீங்களே எழுதுங்கோ" என்றார் கடைசியில். "ஏன் மறைச்சனீங்கள் எண்டதையும் எழுதுங்கோ."

அன்றைக்கே எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. வசந்தகாலத்தில் எல்லாரும் சேர்ந்து முற்றம் கூட்டும் டுக்னாட் நாளில், முன்பெல்லாம் போலவே அவர் எனக்கு இலை வாரியை நீட்டினார். முன்பு நான் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. இப்போது அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அடுத்த வருடக் குளிரில் அவர் இறக்கும்வரை அப்படியேதான் இருந்தது.

கடைசிப் பிரதியை எழுதி முடித்த அந்தக் காலையில் நான் எழுந்து வாசலுக்கு வந்தபோது, என் கண் முதலில் தேடியது ஒரு கறுப்புப் பையை. அது அங்கே இருக்கவேண்டும் என்று விரும்பினேன். இருந்திருந்தால் முற்றத்தில் இறங்கி, தொட்டிக்குப் பக்கத்தில் அதைக் கவிழ்த்து, என் சோடியைத் தேடி எடுத்து, சரி, தீர்ந்தது என்று சொல்லியிருப்பேன். சப்பாத்துகள் நான் கழற்றிவிட்ட இடத்திலேயே இருந்தன. குனிந்து மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.