கேஜ் யசோதரா

யசோதராவை எங்கள் டாக்ஸி ஸ்டாண்டில் இப்போது யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "கேஜ்" என்றுதான் கூப்பிடுகிறோம். அவளும் திரும்பிப் பார்க்கிறாள். அந்தப் பேர் எப்படி வந்தது என்று ராபர்ட்சன்பேட்டையில் ஆளுக்கு ஒரு கதை சொல்கிறான். அன்றைக்கு அவளை வண்டியில் கூட்டிப் போனவன் நான். மற்றவன் சொல்வதெல்லாம் புருடா. நடந்ததை நான் சொல்கிறேன்.

அவள் நந்திதுர்க் லைனில், சுரங்கத் தொழிலாளர் வரிசை வீட்டில் வளர்ந்த பெண். அப்பா பெரியசாமி நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் கேஜுக்குப் பெல் அடித்தவர். கேஜ் என்றால் ஆட்களைப் பூமிக்குள் இறக்கி ஏற்றுகிற இரும்புக் கூண்டு. மேலே இன்ஜின் ஓட்டுகிறவன் கண்ணுக்குக் கூண்டு தெரியாது. பெல்தான் பேச்சு. ஒரு பெல் என்றால் நில். இரண்டு என்றால் இறக்கு. மூன்று என்றால் ஆள் ஏறியாச்சு, தூக்கு. கீழே அடித்த பெல்லை மேலே இருப்பவன் அப்படியே திருப்பி அடிக்க வேண்டும். அடித்தால்தான் காதில் விழுந்தது என்று அர்த்தம்.

சுரங்கத்தை மூடிய வருஷம் யசோதரா பிறந்தாள். சுரங்கம் போனாலும் பெல் ஊரை விட்டுப் போகவில்லை. என் குவாலிஸ் வண்டியில் இன்றைக்கும் எவனும் "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்த மாட்டான். கூரையில் ஒரு தட்டு, நான் பிரேக்கை மிதிப்பேன். எல்லாரும் ஏறிக் கதவைச் சாத்தியதும் மூன்று தட்டு, கிளம்புவேன். பெங்களூர்க்காரன் யாராவது ஏறினால் கூரை மேல் குரங்கு குதிக்கிறதா என்று எட்டிப் பார்ப்பான்.

யசோதரா ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தாள். படித்துவிட்டு விடியற்கால ரயிலைப் பிடித்துப் பெங்களூர் போய், மாலில் சட்டை மடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் அந்தப் பெண்ணுக்குக் கார் என்றால் உயிர். லீவு நாளில் ஸ்டாண்டுக்கு வந்துவிடுவாள். வண்டி வைத்திருக்கிறவன் ஒருவனையும் விடமாட்டாள். "மைலேஜ் இன்னாண்ணா? மேடு ஏறும்போது மூச்சு வாங்குதா? திரும்பவும் இதே கம்பெனி வண்டி வாங்குவியா?" போலீஸ் கூட அப்படிக் கேட்காது.

எங்கள் ஸ்டாண்டில் டொயோட்டாதான் ஜாதி. என்னிடம் குவாலிஸ். பங்காருபேட்டை மஞ்சுநாத்திடம் இன்னோவா. குவாலிஸை நிறுத்திவிட்டுத்தான் கம்பெனி இன்னோவாவைக் கொண்டு வந்தது. அந்த ஒரு விஷயத்தை வைத்து அவன் இத்தனை வருஷமாக என் உயிரை எடுக்கிறான்.

"குரு, உன்னுது வண்டியா? பிரெட் டப்பாவுக்கு சக்கரம் வச்சது. என்னுதுல உக்காந்தா மாமனார் வீட்டு சோபா" என்பான். அவனுக்கு எல்லாரும் குருதான்.

"போடா. உன் சோபாவுல உக்காந்தவன் தூங்குறான். என் டப்பாவுல உக்காந்தவன் ஊர் போய்ச் சேர்றான். கம்பெனிதான் இதை நிறுத்துச்சு. இது நின்னுச்சா? கேளு."

இந்தச் சண்டை நடக்கும்போது ஐடா டீச்சர் தன் சின்ன கிளான்ஸா காரைக் கொண்டு வந்து நிறுத்துவார். ரிட்டயர் ஆனவர், வாய் மட்டும் ஆகவில்லை. "என் வண்டி மாருதியில பொறந்து டொயோட்டாவுல பேர் வச்சுக்கிச்சு. பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு நம்ம இனிஷியல் போட்ட மாதிரி. இருந்தாலும் பெட்ரோலை மோந்து பாத்துட்டே ஓடுதுப்பா, நான் இன்னாத்துக்குக் குத்தம் சொல்லணும்?"

யசோதரா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எங்களுக்கே கதை சொல்வாள். அந்தக் கம்பெனி காரில் ஆரம்பிக்கவில்லையாம், தறியில் ஆரம்பித்ததாம். கிழவர் ஒருவர் தறி செய்தாராம். நூல் ஒன்று அறுந்தால் தறி தானே நின்றுவிடுமாம், அறுந்ததோடு நெய்யாதாம். அவர் மகன்தான் காரில் இறங்கினாராம். இப்போதும் அவர்கள் ஃபேக்டரியில் வேலை செய்கிறவன் தப்பு ஒன்றைக் கண்டால் கயிற்றை இழுத்துக் கூப்பிடலாமாம். சரி பண்ண முடியவில்லை என்றால் லைனே நின்றுவிடுமாம்.

"அப்புறம் பேரு" என்றாள் ஒருநாள். "குடும்பப் பேரு டொயோடா. கடைசி 'டா'வை வாடா போடான்ற மாதிரி மெத்துனு சொல்லணும். கம்பெனிக்கு வைக்கும்போது அழுத்தி டொயோட்டா ஆக்கிட்டாங்க. அவங்க எழுத்துல ரெண்டு புள்ளி கொறைஞ்சு எட்டே கோட்டுல முடிஞ்சுடுதாம். எட்டு அவங்களுக்கு ராசி."

"எட்டா?" மஞ்சுநாத் வாயில் இருந்த டீயைத் துப்பினான். "நம்ம ஊர்ல எட்டுன்னா சனி!"

"அதான் உன்கிட்ட ஒண்ணு வந்து மாட்டியிருக்கு" என்றேன்.

இவ்வளவு பேசுகிற பெண் இன்டர்வியூ என்றால் ஊமை. இரண்டு இடத்துக்குப் போய் நாக்கு ஒட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். மூன்றாவதாக நரசாபுரத்தில் ஒரு ஃபேக்டரி கூப்பிட்டது. டொயோட்டாவுக்குப் பார்ட் செய்து கொடுக்கிற இடம். செய்து வருகிற பார்ட்டைச் சோதித்து அனுப்புகிற வேலை. ஊரில் படித்த படிப்புக்கு, அவள் ஆசைக்கு, இதைவிட ஒரு வேலை கிடையாது.

"இதுவும் போச்சுன்னா விடுண்ணா, சட்டை மடிச்சே கெழவி ஆயிடுறேன்" என்றாள். சிரித்துக்கொண்டு சொன்னாள், கண் சிரிக்கவில்லை.

அன்றைக்குக் காலையில் மஞ்சுநாத் இன்னோவாவைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றான். "ஏசி போட்டுக் கூட்டிட்டுப் போறேன்ம்மா. டப்பாவுல போனா கம்பெனிக்காரனே கேட்டைச் சாத்திடுவான்."

யசோதரா நேராக என் வண்டியில் ஏறினாள். "அந்தக் கம்பெனிக்கு இந்த ஊர்ல மொத வண்டி இதுதான். மூத்த புள்ளை மொகத்துல முழிச்சுட்டுப் போறேன்" என்றாள்.

எனக்கு அப்படியே பூமியை விட்டு ஒரு சாண் மேலே போன மாதிரி இருந்தது! மஞ்சுநாத் மூஞ்சியைப் பார்க்க வேண்டுமே. ஆனால் மனசு கேட்கவில்லை அவனுக்கு. இன்னோவாவைப் பூட்டிவிட்டு வந்து என் பின் சீட்டில் ஏறினான். ஏறியவன் சும்மா வந்தானா? பங்காருபேட்டை வரைக்கும் ஸ்பிரிங் முதுகில் குத்துகிறது என்றான், கோலார் வரைக்கும் கண்ணாடி இறங்கவில்லை என்றான். ஹைவே ஏறியதும் நான் ஒரு மிதி மிதித்தேன். அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை, கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டான்.

கேட்டில் அவளை இறக்கிவிட்டு எதிரே டீ வண்டியில் நின்றோம். மூன்றாவது டீயும் ஆயிற்று. சாப்பாட்டு நேரத்துக்கு வெளியே வந்தாள். காலை இழுத்து இழுத்து நடந்து வந்தாள்.

"போச்சுண்ணா."

"இன்னா போச்சு? வாய் தொறந்தியா இல்லியா?"

"தொறந்தேன். அதான் போச்சு."

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்களாம். ஒரு மேடம், ஒரு பெரிய இன்ஜினியர், ஜப்பானிலிருந்து வந்திருந்த ஒரு வயசானவர். அவருக்குப் பக்கத்தில் மொழி சொல்ல ஒரு ஆள். எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார்கள். கோலார் தங்க வயல் என்றாள். அப்பா என்ன செய்தார் என்று கேட்டார்கள். சுரங்கம் என்றாள். அடுத்த கேள்வியை இன்ஜினியர் கேட்டார். "கேஜ் பத்தித் தெரியுமா?"

"தெரியுமாவா? நான் பொறந்ததுல இருந்து சோத்தோட சேர்த்துத் தின்ன கதை அது. ஆரம்பிச்சேன் பாருண்ணா. கூண்டு, கயிறு, பெல்லு. கயிறு லேசா ஒதறுனாலும் எங்கப்பா ஒரு பெல் அடிப்பாரு, உள்ள தொரையே இருந்தாலும் நின்னுதான் ஆவணும்னு. ஒரே மூச்சு. எனக்கு நாக்கே ஒட்டல!"

"நல்லாத்தானே பேசியிருக்க?" என்றான் மஞ்சுநாத்.

"அந்த மேடம் கர்ச்சீப்பை வாயில வச்சுக்கிட்டாங்க. இன்ஜினியர் சொல்றாரு, 'கேஜ் இல்லம்மா, கேஜ்!'"

"ரெண்டும் கேஜ்தானே குரு!"

"மொத எழுத்தை மெத்துனு சொல்லணும்ண்ணா, இங்கிலீஷ்ல 'சி' இல்ல, 'ஜி'. அளக்கற சாமான். ஓட்டை சரியா இருக்கா, கம்பி தடிமன் சரியான்னு உள்ள விட்டுப் பாக்கறது. ஐ.டி.ஐ.யில ரெண்டு வருஷம் கையில புடிச்சது அதைத்தான்! அப்பா வேலையைச் சொன்ன ஒடனே கேட்டாரா, எனக்கு வேற கேஜே ஞாபகம் வரல."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எங்கள் ஊர்க்காரனைத் தவிர உலகத்தில் எவன் இந்தத் தப்பைச் செய்வான்?

"அப்புறம் இன்னா பண்ண?"

"போறதுதான் போவுது, வாயை மூடிட்டுப் போவானேன்னு சொல்லிட்டேன். 'சார், டொயோடாவை அழுத்திச் சொன்னா டொயோட்டா. நான் கொஞ்சம் அழுத்திக் கேட்டுட்டேன் சார்'னு."

மஞ்சுநாத் கையில் இருந்த பன்னைக் கீழே போட்டான்.

"அந்த மொழிக்காரரு ஜப்பான்காரருக்குச் சொன்னாரு. அவரு மேசையைத் தட்டித் தட்டிச் சிரிச்சாரு. நல்ல சிரிப்பா, வழியனுப்பற சிரிப்பான்னு தெரியல. மத்தியானம் கை வேலை இருக்கு, இருந்துட்டுப் போன்னாங்க."

"அனுப்பணும்னா இப்பவே அனுப்பியிருப்பான். போ, போய் அந்தக் கேஜைப் புடி" என்று விரட்டினேன்.

போனாள். மஞ்சுநாத் என் வண்டி கண்ணாடியைத் தன் துணியால் துடைக்கிறான். எதற்குத் துடைக்கிறான் என்று அவனுக்கே தெரியவில்லை. துடைக்கட்டும் என்று விட்டேன்.

வெயில் சாய்ந்த நேரத்துக்குக் கேட் திறந்தது. நாலைந்து பேர் வந்தார்கள், கடைசியில் இவள். முகத்தில் ஒன்றுமே இல்லை, கழுவித் துடைத்த சிலேட்டு மாதிரி. எங்களைப் பார்க்காமல் பின் கதவைத் திறந்து ஏறிச் சாத்திக்கொண்டாள். நாங்களும் ஏறினோம், நான் சாவியில் கை வைத்தேன். மஞ்சுநாத் தொண்டையைச் செருமினான்.

"பரவால்லம்மா. அடுத்த தடவை இன்னோவாவுல போலாம். ராசின்னு ஒண்ணு இருக்குல்ல..."

டொக்.

கூரையில் ஒரு தட்டு. கை சாவியில் அப்படியே நின்றது.

டொக்.

இரண்டு என்றால் இறக்கு. போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

டொக்!

"மூணு!" மஞ்சுநாத் எழுந்த வேகத்தில் கூரையில் மண்டையை இடித்துக்கொண்டான். "குரு, மூணு! ஆள் ஏறியாச்சு! தூக்கு குரு, தூக்கு!"

நான் ஹார்னில் கை வைத்தவன் எடுக்கவே இல்லை. ஃபேக்டரி வாட்ச்மேன் ஓடி வந்துவிட்டான். யசோதரா சிரிக்கிறாள், அழுகிறாள், மஞ்சுநாத் தலையைத் தேய்த்துவிடுகிறாள். எல்லாம் ஒரே நேரத்தில்.

வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். ஓடுகிற பெல்ட்டில் பார்ட் வருமாம். ஆளுக்கு ஒரு கேஜ் கொடுத்து, ஒவ்வொன்றிலும் விட்டுப் பார் என்றார்களாம். வேகமாகப் பார்க்கிறவனுக்குத்தான் வேலை என்று மற்றவர்கள் கையைப் பறக்கவிட்டிருக்கிறார்கள். அவளுக்கு ஒன்றில் கேஜ் நுழையவில்லை. பக்கத்திலிருந்த பையன், ஓரமாகப் போட்டுவிட்டு அடுத்ததைப் பார் என்றானாம்.

"எனக்கு அப்பா கை ஞாபகம் வந்துச்சுண்ணா. மேசையில ஓங்கி ஒரு தட்டு. 'ஒரு பெல் சார், நிறுத்துங்க'ன்னு கத்திட்டேன். பெல்ட்டை நிறுத்திட்டு வந்து ஏன்னு கேட்டாங்க. 'இது ஒண்ணு இப்பிடி வந்தா, இதுக்கு முன்னாடி போனது எப்பிடிப் போச்சோ, அதையும் பாக்கணும் சார்'னேன். இன்ஜினியர் சொல்றாரு, அந்தப் பார்ட்டை அவரேதான் வேணும்னு உள்ள போட்டாராம். ஒவ்வொருத்தர் முன்னாடியும் ஒண்ணு போட்டிருக்காரு. நிறுத்துனது நான் ஒருத்திதானாம்."

"வேலைக்கு வான்னு எப்பிடிச் சொன்னாரு?"

"'ரெண்டு கேஜும் தெரிஞ்ச ஆளு நீதாம்மா, வந்து சேரு'ன்னாரு."

மஞ்சுநாத் அங்கேயே பேர் வைத்துவிட்டான். "ஏய் கேஜ்!" என்று கூப்பிட்டான். அவள் திரும்பினாள். அவ்வளவுதான், ஒட்டிக்கொண்டது.

நந்திதுர்க் லைனுக்குள் வண்டியை விட்டபோது பெரியசாமி வாசலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். காது அவருக்குக் கொஞ்சம் மந்தம். "ஹார்ன் அடிண்ணா, மூணு" என்றாள் யசோதரா. விட்டு விட்டு மூன்று அடித்தேன். தெருமுனையிலேயே நிறுத்தி அவரைப் பார்த்தோம்.

குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவர் நிமிர்ந்தார். வண்டியைப் பார்த்தார். பின் ஜன்னலில் தலையை நீட்டியிருந்த மகளைப் பார்த்தார். பிறகு அவசரமே இல்லாமல் குழாயை மூடிவிட்டு, கையிலிருந்த சொம்பால் தகரக் கதவில் திருப்பி அடித்தார்.

ஒன்று. இரண்டு. மூன்று.